தேவைக்காகத் தேர்ந்தெடுக்கப்படுதல்: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தும் ஓர் அறவியல் கேள்வியும்

ஒரு மனிதரை அவர் நிரப்பவிருக்கும் ஓர் இடத்திற்காகத் தேர்ந்தெடுப்பது அவரை மதிப்பதாகுமா, அல்லது அந்த இடத்தை மட்டுமே மதிப்பதாகுமா என்னும் கேள்வி அறவியலில் பழையது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெண்கள் கூடைப்பந்து அணிகள் ஆண்டுதோறும் நடத்தும் ஆள்சேர்ப்பில் அது மறைக்க இயலாத வடிவில் எழுகிறது. பள்ளிப் படிப்பை இன்னும் முடிக்காத ஒரு பெண்ணின் வீட்டிற்குப் பயிற்சியாளர் நேரில் வருகிறார், பெற்றோரோடு அமர்ந்து பேசுகிறார், தம் அணி ஒரு குடும்பம் என்றும் அந்தப் பெண்ணைத் தம் மகள்போல் பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். அதே பயிற்சியாளரின் அலுவலகத்திலோ, எந்த ஆண்டில் எந்த ஆட்டக்காரர் படிப்பை முடித்து வெளியேறுவார், அப்போது எந்த வகை ஆட்டக்காரருக்கான இடம் காலியாகும் என்பதைக் காட்டும் அட்டவணை இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் பேசப்படுவது ஆளைப் பற்றியது. அட்டவணையில் இருப்பது இடத்தைப் பற்றியது. இவ்விரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டுவது எளிது, அப்படி முடிவு கட்டுபவர்கள் பெரும்பாலும் அட்டவணையைத்தான் குற்றவாளியாக்குகிறார்கள். இக்கட்டுரையின் கருத்து அதற்கு மாறானது: குற்றம் இருக்குமானால் அது கூடத்துப் பேச்சில் இருக்கிறது.

அட்டவணையின் தர்க்கத்தை முதலில் பார்க்க வேண்டும். கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்காகக் களத்தில் இருப்பவர்கள் 5 பேர். பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் ‘கார்டு’, பக்கவாட்டிலிருந்து கூடையை நோக்கி இயங்கும் ‘ஃபார்வர்டு’, கூடைக்கு அருகில் நின்று எதிரணியைத் தடுத்து, தவறிவரும் பந்தைப் பிடிக்கும் உயரமான ‘சென்டர்’ என்று அவர்களின் பணிகள் பிரிந்திருக்கின்றன. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம் நடப்பதால் ஒரு பயிற்சியாளர் பங்கிட்டுத் தரக்கூடிய மொத்த நேரம் 200 நிமிடம் மட்டுமே, நெருக்கமான ஆட்டங்களில் இதில் ஏறக்குறைய முழுவதும் எட்டு அல்லது ஒன்பது பேருக்கே போய்விடுகிறது. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், முதல் பிரிவைச் சேர்ந்த ஒவ்வொரு பெண்கள் அணியும் 15 பேருக்கு உதவித்தொகை தரலாம் என்று நெடுங்காலம் வரையறுத்திருந்தது. ஆண்கள் அணிக்கு இது 13ஆக இருந்தது. இந்த வரம்பு தலைக்கணக்கில் அமைந்தது, அதாவது ஒருவருக்குப் பாதித் தொகையே கொடுத்தாலும் ஓர் இடம் முழுமையாகக் கழிந்துவிடும் என்பதால், தொகையைப் பிரித்துக் கொடுத்து ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்க வழி இருக்கவில்லை. ஆக 15 பேரில் ஆறேழு பேர் பெரும்பாலும் பெஞ்சில் அமர்ந்திருக்கப் போகிறவர்கள் என்பது ஆள்சேர்ப்புத் தொடங்கும் முன்பே கணக்கில் தெரிந்துவிடுகிறது. அந்த ஆறேழு பேரையும் வீடுதேடிப் போய்த்தான் அழைக்கிறார்கள்.

தேர்வைத் தீர்மானிப்பது தகுதி மட்டுமன்று என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே புலனாகும். இரண்டு சென்டர்கள் ஒரே ஆண்டில் பட்டம் பெற்று வெளியேறும் அணிக்கு உயரமான பெண் ஒருவர் கட்டாயம் தேவைப்படுகிறார்; அணியில் ஏற்கெனவே நான்கு இளம் கார்டுகள் இருந்தால், ஐந்தாமவர் எவ்வளவு திறமையானவராயினும் அவருக்கு அழைப்பு வராமலே போகலாம், அவரே இரண்டாண்டு பிந்திப் பிறந்திருந்தால் வந்திருக்கவும் கூடும். மனிதரின் கட்டுப்பாட்டில் இல்லாத சூழ்நிலைகள் அவருடைய மதிப்பீட்டில் நுழைந்துவிடுவதை அறவியலார் ‘அறவியல் தற்செயல்’ என்னும் தலைப்பில் விவாதிக்கிறார்கள். இங்கே அந்தத் தற்செயலுக்கு உயரம், பிறந்த ஆண்டு, வேறொருவர் பட்டம் பெறும் மாதம் என்று துல்லியமான பெயர்கள் இருக்கின்றன. சாமுவேல் முதல் நூலில், ஈசாயின் மகன்களுள் ஒருவரை அரசராகத் திருநிலைப்படுத்தச் சென்ற சாமுவேலிடம் தோற்றத்தையும் உயரத்தையும் பார்க்க வேண்டாம் என்று கடவுள் கூறுவதாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. அந்த அறிவுரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலையில் நெடுநாள் நீடிக்க மாட்டார்.

தேவையை முன்னிட்டு ஒருவரைத் தேர்வதே இழிவானது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இம்மானுவேல் காண்ட்டின் பெயரைத் துணைக்கு அழைப்பதுண்டு. காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் அடிப்படை நூலில் மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று வகுத்த விதியில் ‘மட்டும்’ என்னும் வரையறைதான் முழு எடையையும் தாங்குகிறது. தச்சரிடம் வேலை கொடுப்பவர், மருத்துவரிடம் செல்லும் நோயாளி, ஆசிரியரை நியமிக்கும் பள்ளி ஆகிய எல்லாரும் பிறரைத் தம் நோக்கத்திற்குப் பயன்படுத்துகிறவர்களே. பயன்படுத்தப்படுபவர் தம் அறிவோடு அந்த நோக்கத்தை ஏற்றுக்கொள்ள முடியும்வரை, அவருக்கும் தமக்குரிய நோக்கங்கள் உண்டு என்பது மறக்கப்படாதவரை, அங்கே இழிவு எதுவும் இல்லை. கூடைப்பந்து ஆடத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, தம் திறமை ஓர் அணிக்குத் தேவைப்படுகிறது என்று கேட்பதைவிட மகிழ்ச்சியான செய்தி குறைவு. தேவைப்படுதல் மனித வாழ்வின் பெரிய நிறைவுகளுள் ஒன்று, அதை அவமதிப்பாகக் காட்டும் தத்துவம் வேலையே செய்து பழகாதவர்களின் தத்துவமாகவே இருக்க முடியும்.

காண்ட்டைவிடக் கூர்மையாக இந்த இடத்தில் உதவுபவர் அரிஸ்டாட்டில். நிக்கோமேகியன் அறவியல் எனப்படும் நூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளில் அவர் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, ஒருவருடைய குணநலத்தை முன்னிட்ட நட்பு. முதல் இரண்டும் குறைபாடுடையவை என்றாலும் அவை இழிந்தவை என்று அவர் கருதவில்லை; பயன் தீர்ந்ததும் பயன் கருதிய நட்பு கலைவது இயல்பே, அதில் யாரும் யாரையும் குறைகூற இடமில்லை. குறை எழுவது வேறோர் இடத்தில்: பயனுக்காக அணுகிய ஒருவர், குணநலத்திற்காகவே அணுகியதுபோல் நடந்துகொண்டு மற்றவரை நம்பவைக்கும்போது. அப்படிச் செய்பவரைக் கள்ள நாணயம் அடிப்பவரைக் காட்டிலும் கடுமையாகக் கண்டிக்க வேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில், ஏனென்றால் போலியாக்கப்பட்டது நாணயத்தைவிட மேலான பொருள். ஆள்சேர்ப்பின் அறவியலை ஆராய இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. உன் உயரமும் நீ மீள்பந்து பிடிக்கும் திறனும் எங்களுக்கு நான்கு ஆண்டுகளுக்குத் தேவை, அதற்கு ஈடாக உன் படிப்புச் செலவை ஏற்கிறோம் என்று சொல்வது நேர்மையான நாணயம். அதே பரிமாற்றத்தின் மீது குடும்பம் என்னும் முத்திரையைப் பதித்து நீட்டும்போதுதான், அந்த முத்திரைக்கு உரிய உலோகம் உள்ளே இருக்கிறதா என்று உரசிப் பார்க்கும் கடமை எழுகிறது.

தேவைக் கணக்கே இல்லாத ஒரு பொற்காலம் பெண்கள் கூடைப்பந்துக்கு இருந்ததாகச் சிலர் எண்ணுவதுண்டு. வரலாறு அதற்குப் பாதி மட்டுமே இடம் தருகிறது. பென்சில்வேனியாவில் மரியாவின் மாசற்ற இருதய ஊழியர் சபைத் துறவியர் நடத்திய இம்மாகுலாட்டா என்னும் சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரிதான் 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் தேசியப் பட்டத்தை வென்றது. பயிற்சியாளர் கேத்தி ரஷ்ஷின் ஆண்டு ஊதியம் 450 டாலர். கல்லூரியின் விளையாட்டரங்கம் சில ஆண்டுகளுக்கு முன்பே எரிந்துபோயிருந்தது. ஆட்டங்களுக்கு வந்த அருட்சகோதரியர் இரும்பு வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தனர். ரஷ் யாரையும் தேடிப் போய்ச் சேர்க்கவில்லை, ஃபிலடெல்ஃபியாவின் பங்குப் பள்ளிகளில் ஆடிப் பழகிய பெண்கள் தாமாகவே அங்கே படிக்க வந்தார்கள். அணியின் முதன்மை ஆட்டக்காரரான தெரசா ஷாங்க் வேறொரு கல்லூரிக்குப் போகவிருந்தவர், குடும்பத்தின் வீடு தீக்கிரையானதால் வீட்டுக்கு அருகிலிருந்த இம்மாகுலாட்டாவில் சேர்ந்தார். அதைத் தெய்வச் சித்தம் என்று அந்தச் சகோதரியர் எண்ணியிருந்தால் வியப்பதற்கில்லை. ஆயினும் அங்கும் கணக்கு இல்லாமல் இல்லை: 1972இல் இல்லினாய் மாநிலத்தில் நடந்த தேசியப் போட்டிக்கு விமானச் செலவுக்குப் பணம் போதாமல் 8 ஆட்டக்காரர்களை மட்டுமே அழைத்துச் செல்ல முடிந்தது. மற்றவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். வெஸ்ட் செஸ்டர் அணியை 52–48 என்று வென்று கோப்பையோடு திரும்பிய அந்த எண்மரின் கதை திரைப்படமாகவும் வந்திருக்கிறது. போகாதவர்களைப் பற்றி வரலாறு குறைவாகவே பேசுகிறது.

அக்காலத்தில் பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்னும் சங்கம் 1971இல் தொடங்கியபோது, விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதையே தடை செய்திருந்தது. ஆண்கள் விளையாட்டில் கண்ட கேடுகள் பெண்களிடம் வந்துவிடக் கூடாது, மாணவி முதலில் மாணவியாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தடைக்குப் பின்னிருந்த உடற்கல்விப் பேராசிரியைகளின் கொள்கை. உயர்ந்த கொள்கைதான், ஆனால் உதவித்தொகையின்றிக் கல்லூரிக்கே போக முடியாத பெண்களுக்கு அந்த உயர்வால் என்ன நன்மை என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. ஃபுளோரிடாவில் உதவித்தொகை பெற்றுவந்த டென்னிஸ் மாணவியர் 1973இல் வழக்குத் தொடுத்ததும் சங்கம் தடையைக் கைவிட்டது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் ஒன்பது’ சட்டத்தின் துணையோடு பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின, 1982இல் என்.சி.ஏ.ஏ. தன் முதல் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை நடத்தியது, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. மறைந்தது. அந்தச் சங்கத்தின் விதிகளில் ஒன்றை மட்டும் இங்கே நினைவுகூர வேண்டும்: ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவி, காத்திருப்புக் காலம் எதுவுமின்றி உடனே ஆடலாம். மாணவியைக் கட்டிவைக்காமல் விட்ட அந்த விதியின் அருமை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் உணரப்பட்டது.

பெண்கள் அணிகள் நுழைந்த என்.சி.ஏ.ஏ. உலகில் கட்டுப்பாடு ஒருபக்கமாகவே இருந்தது. 1973 முதல் அங்கே உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆண்டு முடிவில் புதுப்பிக்கப்படலாம், புதுப்பிக்கப்படாமலும் போகலாம். மாணவியோ, சேர்க்கையின்போது கையெழுத்திட்ட ‘தேசிய உறுதிக் கடிதம்’ வழியாக ஓராண்டேனும் அந்தக் கல்லூரியில் இருக்கக் கடமைப்பட்டிருந்தார். கடிதம் கல்லூரியோடு செய்யப்பட்டது, பயிற்சியாளரோடு அன்று என்பதால், வீட்டிற்கு வந்து மகள்போல் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பயிற்சியாளர் கூடுதல் ஊதியத்திற்கு வேறு பல்கலைக்கழகத்திற்குப் போய்விட்டாலும் மாணவியின் கட்டு அவிழவில்லை. வேறிடம் மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரம், ஆராய்ச்சியைத் தேர்வுக்கு முன்பும் நம்பிக்கையைத் தேர்வுக்குப் பின்பும் வைக்கிறது, தேர்ந்த பின்னர் ஐயுறுவதைத் தேராமல் நம்புவதற்கு இணையான பிழையாகக் கருதுகிறது. ஓராண்டு உதவித்தொகை என்பது தேர்ந்த பின்னர் ஐயுறும் உரிமையைச் சட்டமாகவே எழுதிவைத்த ஏற்பாடு. 2012இல் பல்லாண்டு உதவித்தொகைக்கு இடம் தரப்பட்டது. 2015இல் பல்கலைக்கழகங்களின் பெரிய ஐந்து விளையாட்டுக் கூட்டமைப்புகள், ஆட்டத் திறன் குறைந்தது என்ற காரணத்திற்காக உதவித்தொகையை நிறுத்தலாகாது என்று தமக்குள் விதி செய்துகொண்டன. நல்ல திருத்தங்கள்தான், காலம் கடந்து வந்தவை.

தேர்ந்தெடுக்கப்படுதல் பற்றி நெடுங்காலம் சிந்தித்திருக்கும் துறை சமயம். கிறித்தவ இறையியலில் ‘முன்குறித்தல்’ என்று அழைக்கப்படும் கோட்பாடு, கடவுள் ஒருவரைத் தேர்ந்துகொள்வது அவருடைய தகுதியைக் கண்டா, தகுதியைச் சிறிதும் பொருட்படுத்தாத அருளாலா என்று கேட்கிறது. 1618–19இல் டச்சு நாட்டில் கூடிய டோர்ட் சங்கம், கால்வினைப் பின்பற்றி, தேர்வு எந்த நிபந்தனைக்கும் உட்பட்டதன்று என்று தீர்மானித்தது. தமிழ் வைணவத்தில் காரணமற்ற அருள், காரணம்போல் ஒரு சாக்கையேனும் நாடும் அருள் என்று பிள்ளை லோகாசாரியார் மரபும் வேதாந்த தேசிகர் மரபும் பிரிந்து நின்றதும் இதே கேள்வியின் மீதுதான். அணிக்கு இந்த மாதிரி நேரடியாகப் பொருந்தாது, ஏனென்றால் இந்த இறையியல்களில் கடவுள் தேவை எதுவும் இல்லாதவர், அணியோ தேவைகளால் ஆனது. எனினும் அருளைப் பற்றிய இந்த விவாதங்களில் இரு தரப்பாரும் ஒருமனதாக ஏற்கும் ஒன்று இருக்கிறது: எந்தக் காரணத்தால் தேர்ந்துகொண்டாலும், தேர்ந்துகொண்ட கடவுள் தேவை தீர்ந்தது என்று கைவிடுவதில்லை. உரோமையருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் கடவுளின் அழைப்பைத் திரும்பப் பெறப்படாதது என்று சொல்வது இப்பொருளில்தான். அழைப்புக்கான காரணத்தைக் கொண்டல்லாமல், அழைப்பு எத்தனை நாள் நிற்கிறது என்பதைக் கொண்டு அதை மதிப்பிடும் இந்தப் பார்வை மனித நிறுவனங்களுக்கும் பொருந்தக்கூடியது.

மனித நிறுவனங்களுள் ஆள் தேவையும் உண்டு, அழைப்பு என்ற சொல்லும் உண்டு, இரண்டையும் ஒருசேர நடத்திய நெடும் பழக்கமும் உண்டு என்று சொல்லத்தக்கது துறவு மடம். இந்த ஒப்பீட்டிற்குக் கூடைப்பந்தின் வரலாறே ஒரு வழி காட்டுகிறது. அகுஸ்தீன் சபையாரின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் 2,408 புள்ளிகள் எடுத்து, 1987இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான வேட் விருதைப் பெற்ற ஷெல்லி பென்னிஃபாதர், ஜப்பானில் தொழில்முறை ஆட்டக்காரராகப் பெரும் ஊதியம் பெற்றுவந்த நிலையில், 1991இல் வர்ஜினியா மாநிலத்து அலெக்சாண்டிரியாவில் உள்ள ஏழை கிளாரா சபையின் அடைபட்ட மடத்தில் சேர்ந்தார். வெளியுலகத் தொடர்பைத் துறந்து, வெறுங்காலோடு நடந்து, நள்ளிரவில் எழுந்து செபிக்கும் வாழ்க்கை அது. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குடும்பத்தாரைத் தழுவிக்கொள்ள அனுமதி உண்டு. எல்லா அணிகளும் வேண்டிய ஒருவர், எந்த ஆட்டத்திறனும் பயன்படாத ஓர் இடத்தைத் தேர்ந்தார் என்பது பத்திரிகைகளைக் கவர்ந்த செய்தி. அறவியல் நோக்கில் அதைவிட முக்கியமானது, அவர் போய்ச் சேர்ந்த நிறுவனம் ஆட்களை ஏற்கும் முறை.

மடமும் எல்லாரையும் ஏற்பதில்லை. திருச்சபைச் சட்டத்தின்படி நவசந்நியாசம் எனப்படும் பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம்; அதன் பின் எடுக்கும் முதல் வார்த்தைப்பாடு, அதாவது குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் கட்டுப்படுத்தும் வாக்கு, குறைந்தது 3 ஆண்டுகளுக்கு உரியது; அதற்கும் பிறகே நித்திய வார்த்தைப்பாடு. இந்த நெடிய காலம் முழுவதும் மடம் அந்தப் பெண்ணைச் சோதிக்கிறது, அந்தப் பெண்ணும் மடத்தைச் சோதிக்கிறார், யாரும் அதை மறைப்பதில்லை. சோதனை முடிந்தபின் கட்டு இருபுறமும் இறுகுகிறது: நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த ஒருவரை, நோயுற்றார், வேலைக்கு ஆகவில்லை என்பதற்காக வெளியே அனுப்ப முடியாது. இன்னும் கவனிக்கத்தக்கது, 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 689ஆம் விதி. தற்காலிக வாக்கில் இருக்கும் ஒருவருக்கு உடல்நோயோ மனநோயோ வந்து, சபை வாழ்வுக்கு அவர் தகுதியற்றவர் என்று வல்லுநர்கள் கருதினால், அடுத்த வாக்குக்கு அவரை ஏற்காமல் விடலாம் என்று அவ்விதி இடம் தருகிறது. ஆனால் அந்த நோய் சபையின் கவனக்குறைவாலோ சபையில் செய்த வேலையாலோ வந்ததாயின், அதைக் காரணமாகக் காட்டக் கூடாது. உன்னால் எங்களுக்கு இனிப் பயனில்லை என்று சொல்லும் உரிமை, அந்தப் பயனின்மை எங்கள் வேலையில் விளைந்தது என்றால், அற்றுப்போகிறது. பயன் கருதிய உறவிலும் மனிதரை மனிதராகக் காக்க எவ்வளவு குறைந்த சொற்கள் போதும் என்பதற்கு இந்த விதி ஒரு சான்று.

கூடைப்பந்தில் அதற்கு இணையான நோய் முழங்கால் மூட்டுத் தசைநார் அறுந்துபோவது. ஏ.சி.எல். என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் அந்தக் காயம் இவ்விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக ஏற்படுகிறது, தேறிவர ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெய்ஜ் பெக்கர்ஸ் 2022 ஆகஸ்டில் இவ்வாறு காயமுற்று ஓர் ஆண்டு முழுவதும் ஆடாமல் இருந்து, திரும்பி வந்து, 2025இல் அணிக்குத் தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். அணி அவருக்காகக் காத்திருந்தது பாராட்டுக்குரியதே. ஆனால் நட்சத்திர ஆட்டக்காரருக்காகக் காத்திருப்பதில் எந்த நிறுவனத்தின் அறமும் சோதிக்கப்படுவதில்லை, சோதனைக்கு உள்ளாவது பதின்மூன்றாம் ஆட்டக்காரரின் முழங்காலில்தான். பழைய தலைக்கணக்கு விதியில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது: மருத்துவக் காரணத்தால் இனி ஆடவே முடியாதவர் உதவித்தொகையைத் தொடர்ந்து பெறலாம், அவர் 15 என்னும் கணக்கில் சேரமாட்டார். இரக்கத்தையும் தேவையையும் ஒன்றோடொன்று மோதவிடாத நல்ல ஏற்பாடு அது. இடத்தைக் காலிசெய்வதற்காகவே ஒருவரைத் தகுதியற்றவராக அறிவிக்கும் ஆசையையும் அது தூண்டக்கூடியது என்பதை மறுப்பதற்கில்லை.

தேவை எவ்வளவு வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அறச்சிக்கல் குறைகிறது என்பதற்கு எதிர்பாராத எடுத்துக்காட்டு ஒன்று டெக்சஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது. 2024 ஜனவரியில் காயங்களால் ஆள் பற்றாமல் இரண்டு ஆட்டங்களை ஆடாமலே விட்டுக்கொடுத்த அதன் பெண்கள் அணி, வளாகத்திலுள்ள எந்த மாணவியும் வந்து ஆடிக்காட்டலாம் என்று அறிவித்து, நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டது. இப்படி உதவித்தொகையின்றித் தாமாக வந்து சேர்பவர்களை ‘வாக்-ஆன்’ என்பார்கள். அவர்களிடம் யாரும் குடும்பம் என்று பேசவில்லை. அணிக்கு உடனே ஆட்கள் வேண்டும் என்பது மட்டுமே சொல்லப்பட்டது, அது முழு உண்மை, வந்தவர்கள் அதை அறிந்தே வந்தார்கள். அடுத்த ஆண்டு அதே அணி வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவந்த தேர்ந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு தன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்று, தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் நுழைந்தது. அவர்களுள் ஒருவரான ஹெய்லி வான் லித்துக்கு அது லூயிவில், எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிற்கு அடுத்து மூன்றாம் பல்கலைக்கழகம்.

இப்படிக் கல்லூரி மாறுவது சாத்தியமானது, 2018இல் தொடங்கப்பட்ட ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ எனப்படும் இணையப் பதிவேட்டில் பெயரைப் பதிந்தால் பிற கல்லூரிகள் அணுகலாம் என்ற ஏற்பாட்டாலும், 2021 முதல் காத்திருப்பின்றி ஒருமுறை மாறலாம், 2024 முதல் எத்தனை முறையும் மாறலாம் என்ற விதித்தளர்வாலும்தான். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டவும் உரிமை வந்தது. 2023இல் அயோவாவை 102–85 என்று வீழ்த்திப் பட்டம் வென்ற எல்.எஸ்.யு. அணியில் அந்த ஆண்டு புதிதாக வந்தவர்கள் மட்டுமே 9 பேர். இதைப் பார்த்து விசுவாசம் செத்துவிட்டது என்று புலம்பும் பயிற்சியாளர்கள் பலர், ஆனால் விசுவாசம் அதுவரை மாணவியிடமிருந்து மட்டுமே கோரப்பட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை. போர்ட்டல் வந்தபின் இரு தரப்பும் சமமாக விடுதலை பெற்றிருப்பது நீதியின் பார்வையில் முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தை அறவியலின் நிறைவாக எடுத்துக்கொள்ளலாகாது; ஒருவரை ஒருவர் எந்நேரமும் விட்டுப்போகலாம் என்னும் சமத்துவம், அரிஸ்டாட்டிலின் முதல்வகை நட்பை நேர்மையாக்குகிறது, அதை மூன்றாம் வகையாக உயர்த்துவதில்லை. மேலும் விட்டுப்போகும் உரிமை பயன்படுவது வேறிடத்தில் தேவைப்படுபவர்களுக்கே. பதிவேட்டில் பெயர் பதிந்தும் யாரும் அழைக்காத, பழைய இடத்தையும் இழந்த மாணவியரின் நிலையைச் சமத்துவம் என்று அழைப்பது கடினம்.

அதே சிக்கல் 2025இல் நீதிமன்றத்திலும் வெளிப்பட்டது. ஆட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தர வழிசெய்த ‘ஹவுஸ்’ வழக்கின் உடன்பாடு, உதவித்தொகை வரம்பை நீக்கி, அதற்குப் பதிலாக அணிப்பட்டியலில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. உடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் கூடைப்பந்துக்கு அது 15, வாக்-ஆன்களும் அந்த எண்ணுக்குள் அடக்கம். பல விளையாட்டுகளில் ஏற்கெனவே இடம் பெற்றிருந்த மாணவர்கள் இதனால் வெளியேற்றப்படுவார்கள் என்ற முறையீடுகளைக் கேட்ட நீதிபதி கிளாடியா வில்கன், அவர்களைக் காக்க வழி செய்யாமல் உடன்பாட்டை ஏற்க மறுத்து, அத்தகையோரை வரம்பிலிருந்து விலக்கும் திருத்தம் வந்தபிறகே 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் அளித்தார். 280 கோடி டாலர் இழப்பீட்டைப் பற்றிய வழக்கில் ஒரு நீதிபதியைத் தடுத்து நிறுத்தியது, பெரும்பாலும் களத்தில் இறங்கவே வாய்ப்பில்லாதவர்களின் இடம். ஒருமுறை ஏற்கப்பட்டவரை எண்ணிக்கையின் வசதிக்காக அகற்றலாகாது என்ற அந்த நிலைப்பாட்டை இறையியலும் மடத்தின் சட்டமும் முன்பே வேறு மொழியில் சொல்லியிருந்தன.

டென்னசி பல்கலைக்கழகத்தில் 38 ஆண்டுகள் பயிற்றுவித்து 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் பெற்ற பேட் சம்மிட், இரக்கமற்ற கடுமைக்குப் பெயர்போனவர். தம் அணியில் நான்காண்டு ஆட்டத் தகுதியையும் நிறைவுசெய்த ஒவ்வொருவரும் பட்டம் பெற்றதே அவருடைய சாதனைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. இடையில் வெளியேறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்ற குறையோடும் அது உண்மையான சாதனையே, ஏனெனில் அணியின் தேவைக்காக அழைக்கப்பட்ட பெண், தேவை தீரும் நாளில் தமக்கென்று ஒன்றை எடுத்துச் சென்றார். அணிப்பட்டியலின் தேவைக்காக ஆள் தேர்வதில் தவறில்லை, அதை மூடி மறைப்பதிலும் தேவையோடு பொறுப்பையும் முடித்துக்கொள்வதிலும்தான் தவறு இருக்கிறது. காயமுற்றாலும், இடத்தை வேறொருவர் பிடித்துக்கொண்டாலும், பயிற்சியாளரே மாறிவிட்டாலும் பட்டம் பெறும்வரை படிப்புச் செலவைக் கல்லூரி ஏற்கும் என்னும் ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்குமானால், வீட்டுக் கூடத்தில் குடும்பம் என்று பேசுவதற்குப் பயிற்சியாளருக்கு உரிமை உண்டு. அந்த வரி இல்லாதபோது அவர் தம் அட்டவணையையே எடுத்து மேசைமீது விரித்துக் காட்டலாம். அந்தப் பெண்ணும் பெற்றோரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்களே.